கூகுளில் ஏறுவது பக்கம்தான், சைட் இல்லை: ஆன்-பேஜ் எஸ்.இ.ஓ. எளிய விளக்கம்

“எங்க சைட் கூகுள்ல எத்தனாவது இடத்துல இருக்கு?” சின்னதாக ஒரு தொழில் நடத்தி, அதற்கு ஓர் இணையதளமும் வைத்திருப்பவர்கள் அநேகமாக முதலில் கேட்கும் கேள்வி இது. இதற்குப் பதிலே கிடையாது. ஒரு தளத்துக்கென்று கூகுளில் நிரந்தர இடம் எதுவும் இல்லை. ஒருவர் எதையோ தட்டித் தேடுகிறார். அந்தத் தேடலுக்கு மட்டும், அந்த நேரத்துக்கு மட்டும், பக்கங்கள் வரிசையாகின்றன. அடுத்த தேடலுக்கு வேறு வரிசை. ஒன்றில் முதலில் வந்த பக்கம் இன்னொன்றில் நூறுக்கும் கீழே கிடக்கலாம், வராமலே போகலாம்.

இது பிடிபடாததால்தான் எஸ்.இ.ஓ. பற்றி இவ்வளவு அரைகுறை அறிவுரைகள் சுற்றுகின்றன. கீவேர்டை, அதாவது தேடுபவர் தட்டும் சொல்லை, பத்து தடவை போடு, இரண்டாயிரம் வார்த்தை இல்லாவிட்டால் கூகுள் மதிக்காது, மாதம் இவ்வளவு கட்டினால் முதலிடம் நிச்சயம்... கேட்டிருப்பீர்கள்.

எஸ்.இ.ஓ. என்பது தேடுபவர் கண்ணில் பக்கம் படுவதற்காகச் செய்யும் வேலைகளின் பொதுப்பெயர். அதில் பக்கத்துக்கு உள்ளேயே, நம் கையாலேயே செய்து முடிக்கக்கூடிய பகுதிக்கு ஆன்-பேஜ் எஸ்.இ.ஓ. என்று பெயர். மற்ற தளங்கள் நம்மைப் பற்றிச் சொல்வது, நமக்கு லிங்க் கொடுப்பது எல்லாம் ஆஃப்-பேஜ். இங்கே முதல் வகையை மட்டும் பார்க்கலாம்.

பேச்சுக்கு ஒரு கடையை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் வீட்டு உபயோக டேபிள் டாப் கிரைண்டர்களைப் பழுது பார்க்கும் கற்பனைக் கடை. தளத்தில் ‘எங்கள் சேவைகள்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் கடைசி வரை நோண்டப்போகிறோம்.

கூகுள் தேடுவது இணையத்தில் இல்லை

தேடல் பொத்தானை அழுத்தியதும் கூகுள் உலகத்திலுள்ள தளங்களையெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருவதில்லை. அரை நொடியில் அது நடக்காது. பார்க்கிற வேலை முன்கூட்டியே முடிந்துவிட்டது.

தடிமனான வரலாற்றுப் புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்கும். ‘கரிகாலன்: 14, 87, 203’ என்று அகரவரிசையில் சொல்லும், அது வரும் பக்க எண்களும். ஐந்நூறு பக்கங்களையும் புரட்டாமல் நேராக 87க்குப் போய்விடலாம். கூகுள் வைத்திருப்பதும் இப்படி ஒன்றுதான். அதன் பெயர் இண்டெக்ஸ். ‘கிரைண்டர்’ என்ற சொல் எந்தெந்தப் பக்கங்களில் இருக்கிறது, பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் முன்பே பதிவாகியிருக்கும். நீங்கள் தேடும்போது அது புரட்டுவது அந்த அடைவைத்தான்.

அடைவில் ஏற வேண்டுமென்றால் முதலில் யாராவது பக்கத்தைப் படிக்க வேண்டுமே? அதற்கு கூகுள்பாட் என்ற நிரல் இருக்கிறது. இந்த மாதிரி நிரல்களுக்கு கிராலர் என்று பெயர். ஒரு பக்கத்திலுள்ள லிங்குகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம், அங்கிருந்து இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க் இல்லாமல், தளத்தின் பக்கப் பட்டியலிலும் இல்லாமல் ஒரு பக்கம் தனியாகக் கிடந்தால் அது கிராலரின் வழியில் வராமலே போகலாம்.

படித்த பக்கத்தையெல்லாம் கூகுள் அடைவில் சேர்த்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அச்சு அசலாக இன்னொரு பக்கம் இருந்தாலோ, சொல்லிக்கொள்ளும்படி உள்ளே எதுவும் இல்லாவிட்டாலோ விட்டுவிடும். இன்னொன்றும் நடப்பதுண்டு. தளத்தைக் கட்டும் காலத்தில், வேலை முடியும் வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று ‘நோஇண்டெக்ஸ்’ என்ற குறிப்பைப் போட்டு வைப்பார்கள். இந்தப் பக்கத்தை அடைவில் சேர்க்காதே என்பது அதன் பொருள். தளம் வெளியான பிறகு அதை எடுக்க மறந்துவிடுவார்கள். அப்புறம் வருடக்கணக்கில் கீவேர்டை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் பக்கம் எங்கே வரும்?

படிக்க முடியாத தமிழ்

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு பழைய சிக்கல் உண்டு. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனிக் குறி தரும் பொது முறையான யூனிகோடு பரவலாவதற்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் பலரும் தட்டச்சு செய்தோம். திரையில் ‘அம்மா’ என்று தெரியும். ஆனால் கணினிக்குள் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து குறிகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுவிடுகிறது, அவ்வளவுதான். கிராலர் படிப்பது உள்ளே இருப்பதை. ‘அம்மா’ என்று யாராவது தேடினால் அந்தப் பக்கம் வர வாய்ப்பே இல்லை. பழைய சிற்றிதழ்த் தொகுப்புகள், கோயில் தளங்கள், ஊர்ச் சங்கத் தளங்கள் என்று இப்படி எவ்வளவோ நல்ல தமிழ் தேடலில் சிக்காமலே போனது. யூனிகோடில் ‘அம்மா’ என்றால் உள்ளேயும் தமிழ் எழுத்துதான்.

இன்றைக்கு அதே சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது: படமாகப் போடப்படும் எழுத்து. கடைக்காரர் டிசைனரிடம் சொல்லி அழகான போஸ்டர் செய்கிறார். சேவைகள், விலை, நேரம் எல்லாம் அதற்குள். அதை அப்படியே சேவைகள் பக்கத்தில் ஏற்றிவிடுகிறார். பார்ப்பவருக்குப் பக்கம் நிறைந்திருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தின் வரிகளாக கிராலருக்குக் கிடைப்பது மேலே உள்ள மெனுவும் கீழே உள்ள முகவரியும்தான். படத்திலுள்ள எழுத்தைக் கணினியால் ஓரளவு அடையாளம் காண முடியும் என்றாலும், அதை நம்பி ஒரு பக்கத்தை நடத்தக் கூடாது. வாட்ஸப்பில் அனுப்ப போஸ்டர் இருக்கட்டும். பக்கத்தில் அதே விஷயம் எழுத்தாகவும் இருக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: கிராலர் பக்கத்தைக் கண்டுபிடித்துப் படிக்கிறது, படித்தது, தகுதியிருந்தால், இண்டெக்ஸில் ஏறுகிறது, தேடும்போது இண்டெக்ஸ்தான் புரட்டப்படுகிறது. முதல் இரண்டும் நடக்காத பக்கத்துக்கு மூன்றாவதில் வேலையே இல்லை.

வரிசை எப்படி உண்டாகிறது

‘கிரைண்டர் சுற்றவில்லை’ என்று ஒருவர் தேடுகிறார். அந்தச் சொற்கள் இருக்கும் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். எதை முதலில் காட்டுவது? இந்த வரிசைப்படுத்தலுக்குத்தான் ரேங்கிங் என்று பெயர்.

இதற்கு அடிப்படையான யோசனைகளில் ஒன்று கூகுளைவிட வயதானது. பிரிட்டனின் கணினி அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் சொன்னது: எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லால் எதையும் பிரித்துக் காட்ட முடியாது, சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்குத்தான் எடை அதிகம். ‘எப்படி’, ‘இல்லை’ போன்றவை எல்லாப் பக்கத்திலும் இருக்கும். ‘கெபாசிட்டர்’ எல்லாப் பக்கத்திலும் இருக்காது.

சொல்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 1990களின் தேடுபொறிகள் நன்றாகவே அனுபவித்தன. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு தடவை எழுதி வைப்பார்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, நிரலுக்குத் தெரியும். 1998இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போதே இதற்கு ஒரு மாற்று வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைவிட, மற்றப் பக்கங்கள் எத்தனை அதற்கு லிங்க் கொடுக்கின்றன, கொடுப்பவை எப்படிப்பட்டவை என்பதைக் கணக்கில் எடுத்தார்கள். பேஜ்ரேங்க் என்பது அதுதான்.

அதன் பிறகு தேடலின் பொருளைப் புரிந்துகொள்ளும் முயற்சிகள் வந்தன: 2013இல் ஹம்மிங்பேர்ட், 2015இல் ரேங்க்பிரெய்ன், 2019இல் பெர்ட். உள்விவரம் நமக்கு வேண்டாம். விளைவு மட்டும் முக்கியம். அச்சுப் பிசகாத அதே சொல் பக்கத்தில் இல்லாவிட்டாலும், விஷயம் அதுதான் என்பதை கூகுளால் இப்போது பெருமளவுக்குக் கண்டுகொள்ள முடிகிறது. ‘கிரைண்டரில்’, ‘கிரைண்டருக்கு’, ‘கிரைண்டரை’ என்று எல்லா வேற்றுமை உருபையும் வலிந்து திணிக்க வேண்டியதில்லை. இயல்பாக எழுதினால் அவை தானாகவே வந்துவிடும்.

ஆக, வரிசையைத் தீர்மானிக்கும் விஷயங்களில் சில நம் கையில் இல்லை: பிறர் தரும் லிங்க், போட்டிப் பக்கங்களின் தரம், தேடுபவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது. கையில் இருப்பது ஒன்றே ஒன்று. இந்தப் பக்கம் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டுவது. ஆன்-பேஜ் எஸ்.இ.ஓ. என்ற பெயரில் சொல்லப்படும் உருப்படியான ஆலோசனைகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும்.

யார், என்ன கேட்டு வருகிறார்?

நம் ‘எங்கள் சேவைகள்’ பக்கத்துக்கு வருவோம். அதை யார் தேடுவார்கள்? யாருமே கூகுளில் ‘எங்கள் சேவைகள்’ என்று தட்டுவதில்லை. ‘தரமான சேவை, நியாயமான விலை’ என்றும் தட்டுவதில்லை. காலையில் மாவு ஆட்ட உட்கார்ந்து, மோட்டார் சத்தம் மட்டும் வந்து கல் சுற்றாமல் நின்றுபோன ஒருவர் என்ன தட்டுவார்? ‘கிரைண்டர் சுத்தல’, ‘கிரைண்டர் பெல்ட் விலை’, ‘கிரைண்டர் ரிப்பேர் காந்திபுரம்’. தேடுபவர் இப்படித் தட்டும் சொற்றொடருக்குத்தான் கீவேர்டு என்று பெயர். நாமாக உட்கார்ந்து கண்டுபிடிப்பது இல்லை; அவர் வாயிலிருந்து வருவது.

இந்த மூன்று தேடலும் ஒரே கிரைண்டரைப் பற்றியவைதான், ஆனால் மூன்று பேரும் வேறு வேறு ஆட்கள். முதலாமவருக்குக் காரணம் தெரிய வேண்டும். இரண்டாமவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது, பெல்ட் வாங்கத் தயார். மூன்றாமவருக்கு விளக்கமே வேண்டாம், பக்கத்தில் ஒரு கடையும் ஃபோன் நம்பரும் போதும். தேடலுக்குப் பின்னால் இருக்கும் இந்த நோக்கத்தை இன்டென்ட் என்கிறார்கள். கற்றுக்கொள்ள வந்தவரிடம் விலைப்பட்டியலை நீட்டினால் வந்த வேகத்தில் திரும்பிவிடுவார். ஒரே பக்கத்தில் மூவரையும் உட்கார வைக்கப் பார்த்தால் மூவருக்கும் அரைகுறையாகத்தான் இருக்கும். எனவே மூன்று பக்கங்கள் வேண்டும். ‘எங்கள் சேவைகள்’ பக்கம் அந்த மூன்றுக்கும் வழி சொன்னால் போதும்.

இன்டென்டைக் கண்டுபிடிக்கக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. அந்தச் சொற்றொடரை நீங்களே கூகுளில் தேடிப் பாருங்கள். முதல் பக்கத்தில் வருபவை எல்லாம் விளக்கக் கட்டுரைகளா, வீடியோக்களா, விற்பனைப் பக்கங்களா, வரைபடத்தில் கடைகளா? கூகுள் அந்தத் தேடலை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். எல்லாம் வீடியோவாக இருக்கும் இடத்தில் நீளமான கட்டுரையோடு போய் மோதுவது வீண் என்பேன்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு தலைவலி. நம் ஆட்கள் தமிழில் நினைத்து, ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். சிலர் முழு ஆங்கிலம். சிலர் குரல் தேடலில் பேச்சுத் தமிழ். ஒரே பக்கத்தில் எல்லா வடிவத்தையும் வரிசையாகக் கொட்டி வைக்கும் பழக்கம் சில தளங்களில் உண்டு, படிக்கவே சகிக்காது. ஆள் பேசும் சொல்லை உள்ளடக்கத்தில் இயல்பாகப் பயன்படுத்துவதே நல்ல வழி. ‘அரவை இயந்திரம்’ என்று பக்கம் முழுக்க எழுதிவிட்டு, ‘கிரைண்டர்’ என்று தேடுபவர் ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது.

டைட்டில்: அதிகம் வீணாகும் ஒரு வரி

வலைப்பக்கம் எச்.டி.எம்.எல். என்ற குறிமொழியில் எழுதப்படுகிறது. எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று அதில் குறியிட்டுச் சொல்லலாம். அதில் பக்கத்தின் பெயரைச் சொல்லும் குறிதான் டைட்டில். பக்கத்துக்குள் அது தெரியாது. பிரவுசரின் மேல் தாவலிலும், கூகுள் முடிவுகளில் அழுத்தக்கூடிய பெரிய எழுத்து வரியாகவும் தெரியும். பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்கும் மனிதருக்கும் ஒரே நேரத்தில் சொல்லும் வரி இது.

இவ்வளவு முக்கியமான வரியில் தளத்துக்குத் தளம் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ‘முகப்பு’. ‘வரவேற்கிறோம்’. ‘சேவைகள்’. தளத்தின் எல்லாப் பக்கத்துக்கும் கடைப்பெயரையே டைட்டிலாக வைப்பதும் உண்டு. நம் கடை, சுற்றாத கிரைண்டருக்கென்று தனிப் பக்கம் போட்டுவிட்டது என்றால் அதற்கு இப்படி வைக்கலாம்:

‘கிரைண்டர் சுற்றவில்லையா? பெல்ட், கெபாசிட்டர் சரிபார்ப்பது எப்படி’

கடைப்பெயரைக் கடைசியில் சேர்க்கலாம். முக்கியமானது முன்னால் வரட்டும். ஏனெனில் கைப்பேசித் திரையில் இடம் போதாவிட்டால் பின்பகுதி வெட்டுப்படும். ‘கிரைண்டர் ரிப்பேர், கிரைண்டர் சர்வீஸ், கிரைண்டர் பழுது, கோவை கிரைண்டர்’ என்று அடுக்குவது டைட்டில் இல்லை, புலம்பல்.

நாம் எழுதியதையே கூகுள் எப்போதும் காட்டும் என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் அது முறையை மாற்றியது. டைட்டில் காலியாகவோ, மிக நீளமாகவோ, எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றாகவோ இருந்தால் பக்கத்திலுள்ள தலைப்பு போன்றவற்றிலிருந்து அதுவே ஒன்றைத் தயாரித்துக்கொள்ளும். நாம் எழுதியது தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அதையே விட்டுவிடுகிறது.

டைட்டிலுக்குக் கீழே இரண்டு வரி வருமே, அதற்காக எழுதி வைப்பது மெட்டா டிஸ்கிரிப்ஷன். இதற்கும் ரேங்கிங்குக்கும் சம்பந்தம் இல்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. ஆனால் அழுத்தலாமா வேண்டாமா என்று மனிதர் முடிவெடுப்பது அதைப் படித்துத்தான். தேடலுக்குப் பொருத்தமான வரி பக்கத்தில் வேறு எங்காவது இருந்தால் கூகுள் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளும். முக்கியமான பக்கங்களுக்கு மட்டும் கவனமாக எழுதினால் போதும்.

தலைப்பும் முதல் பத்தியும்

பக்கத்துக்குள் தெரியும் பெரிய தலைப்புக்கு ஹெச்1 என்ற குறி, உபதலைப்புகளுக்கு ஹெச்2, ஹெச்3. பலர் இதை எழுத்தின் அளவு என்று நினைக்கிறார்கள். பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஃபோன் நம்பருக்கு ஹெச்1 போட்டு வைத்த பக்கங்கள் உண்டு. குறி சொல்வது, இதன் கீழே வருவது எதைப் பற்றியது என்பதைத்தான். எழுத்தைப் பெரிதாக்க வேறு வழி இருக்கிறது. ஒரு பக்கத்தில் இரண்டு ஹெச்1 இருந்தால் தண்டனை என்பதெல்லாம் கட்டுக்கதை.

முதல் பத்தியில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஒரு மாதிரி:

‘இன்றைய நவீன உலகில் கிரைண்டர் இல்லாத வீடே இல்லை எனலாம். நம் முன்னோர்கள் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டி ஆரோக்கியமாக வாழ்ந்தனர். இத்தகைய சிறப்பு வாய்ந்த கிரைண்டர் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.’

ஊறவைத்த அரிசியோடு நிற்பவர் இதைப் படிப்பாரா? இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

‘மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, டிரம் மட்டும் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் பெல்ட் தேய்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். ஊம் என்ற இரைச்சலோடு மோட்டாரே கிளம்பவில்லை என்றால் கெபாசிட்டரைப் பார்க்க வேண்டும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.’

மூன்று வாக்கியத்தில் பதிலின் சாரம் வந்துவிட்டது. டிரம், பெல்ட், கெபாசிட்டர், மோட்டார் என்று விஷயத்துக்கே உரிய சொற்கள் தானாக வந்துவிட்டன. ஒன்றைக்கூட ரேங்கிங்குக்காகத் திணிக்கவில்லை. இதற்கு மேல், அந்தக் கடைக்காரர் கழற்றிய பெல்ட்டின் படம், எந்த மாடலுக்கு எந்த அளவு பெல்ட், மாவு அதிகம் போட்டால் பெல்ட் எப்படி வழுக்கும் என்பதெல்லாம் சேர்ந்தால், வேறு யாரையோ பார்த்து எழுதியவரால் இந்தப் பக்கத்தை நெருங்க முடியாது.

இங்கேயும் ஒரு சுருக்கம்: ஒரு பக்கம் ஒரு கேள்விக்கு. அந்தக் கேள்வி டைட்டிலிலும் தலைப்பிலும் தெரிய வேண்டும், பதில் முதல் பத்தியிலேயே தொடங்க வேண்டும்.

தூக்கிப் போட வேண்டிய மூன்று நம்பிக்கைகள்

முதலாவது, மெட்டா கீவேர்ட்ஸ். பக்கத்துக்குள் மறைவாகக் கீவேர்டுகளை அடுக்கும் ஒரு குறி. வலைத்தேடல் ரேங்கிங்குக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதை நிரப்பிக் கொடுத்துக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, கீவேர்டு அடர்த்தி: நூறு வார்த்தைக்கு இத்தனை தடவை அந்தச் சொல் வர வேண்டும் என்ற கணக்கு. அப்படி ஒரு மந்திர எண் இல்லை. அளவுக்கு மீறித் திணிப்பது கூகுளின் ஸ்பேம் விதிகளில் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, வார்த்தைக் கணக்கு. குறைந்தபட்சம் இத்தனை சொல் என்று எதுவும் இல்லையென கூகுளின் தொடக்க வழிகாட்டியே சொல்கிறது. கடை திறந்திருக்கும் நேரத்தைச் சொல்ல இரண்டு வரி போதும். எண்ணிக்கைக்காக இழுத்த பக்கங்களும், ஒரே விஷயத்தை ஊர்ப் பெயர் மட்டும் மாற்றி நூறு பக்கமாக்கிய தளங்களும் 2011இல் பாண்டா என்ற மாற்றம் வந்தபோது பெரிய அடி வாங்கின. 2024 மார்ச்சில், ரேங்கிங்குக்காக மொத்தமாகத் தயாரித்துக் குவிக்கும் உள்ளடக்கத்துக்கு எதிராக விதி இன்னும் இறுகியது. செயற்கை நுண்ணறிவு எழுதினாலும் மனிதர் எழுதினாலும் விதி ஒன்றுதான்.

படம், முகவரி, உள் லிங்க்

படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் என்று ஒரு வரி எழுதலாம். முதலில் அது பார்வையற்றவர்களுக்கானது. திரைவாசிப்பு மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். கூகுளும் படத்தைப் புரிந்துகொள்ள அதைப் பயன்படுத்துகிறது. ‘கிரைண்டர் மோட்டார் பெல்ட், நடுவில் வெடிப்பு’ என்று படத்தில் இருப்பதை எழுதுங்கள். ‘படம் 1’ என்பது யாருக்கும் உதவாது.

யூ.ஆர்.எல். எனப்படும் பக்கத்தின் முகவரியில் சொற்கள் இருப்பது நல்லது, ஆனால் ரேங்கிங்கில் அதன் பங்கு மிகச் சிறியது. தமிழில் முகவரி வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம், கூகுளுக்குப் புரியும். சங்கடம் வேறு இடத்தில்: அதை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்தாக மாறிவிடலாம். ‘கிரைண்டர்’ என்ற ஒற்றைச் சொல் கணினியின் கணக்கில் ஒன்பது குறிகள். அது 81 எழுத்து நீளத்துக்குப் போய்விடும். வாட்ஸப்பில் அப்படி ஒரு லிங்க் வந்தால் மோசடியோ என்று பயந்து யாரும் தொடமாட்டார்கள். அதனால்தான் நிறையத் தமிழ்த் தளங்கள் முகவரியை மட்டும் சின்னதாக ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்கின்றன.

உள் லிங்க் என்பது நம் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்க். இதன் பலன் பலருக்கும் தெரிவதில்லை. கிராலருக்கு வழி கிடைப்பதோடு, லிங்க் வைத்த சொற்களே அடுத்த பக்கம் எதைப் பற்றியது என்ற குறிப்பாகவும் ஆகின்றன. எனவே ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்ற சொல்லில் லிங்க் வைப்பதைவிட ‘கிரைண்டர் பெல்ட் அளவுகளும் விலையும்’ என்ற சொல்லில் வைப்பது பல மடங்கு நல்லது.

ஒரே உள்ளடக்கம் இரண்டு முகவரிகளில் கிடைப்பதும் சகஜம்; அச்சிடுவதற்கான வடிவம் தனியாக இருப்பது போல. அதற்காகத் தண்டனை எதுவும் கிடையாது. கூகுள் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். எது மூலம் என்று நாமே சொல்ல கனானிக்கல் என்ற குறி 2009 முதல் இருக்கிறது.

வேகமும் மற்றவையும்

பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும், முக்கியமாகக் கைப்பேசியில். கூகுள் இப்போது படிப்பதே கைப்பேசி வடிவத்தைத்தான். அளக்க மூன்று கணக்குகள் உண்டு: முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி நொடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது விளம்பரம் புகுந்து வரிகள் துள்ளக் கூடாது. இவற்றுக்கு கோர் வெப் வைட்டல்ஸ் என்று பெயர். ரேங்கிங்கில் இவற்றுக்கும் பங்கு உண்டு, ஆனால் பதில் இல்லாத பக்கத்தை வேகம் காப்பாற்றாது. சின்னத் தளங்களில் பெரும்பாலும் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய பெரிய படங்கள்தான் வில்லன். அவற்றைச் சுருக்கினாலே பாதி தீர்ந்தது.

ஸ்கீமா என்ற குறியீட்டையும் கேள்விப்படுவீர்கள். இது விலை, இது நேரம், இது முகவரி என்று கணினிக்குத் தனியாகச் சொல்வது. கடைக்குப் பயன்படும். கேள்வி-பதில் ஸ்கீமா போட்டால் முடிவுகளில் இடம் பெரிதாகக் கிடைக்கும் என்ற உத்தியை மட்டும் மறந்துவிடுங்கள். 2023இல் கூகுள் அதை நம்பகமான அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது.

வேலை முடிந்த பிறகு எங்கே பார்ப்பது?

கூகுளே இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி இருக்கிறது. தளம் உங்களுடையதுதான் என்று நிரூபித்துவிட்டால் போதும், உள்ளே போகலாம். ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அது இண்டெக்ஸில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று சொல்லும். மேலே சொன்ன நோஇண்டெக்ஸ் விபத்து இங்கே ஒரு நிமிடத்தில் பிடிபடும்.

இன்னொரு பகுதியில், கடந்த 16 மாதங்கள் வரை, எந்தெந்தச் சொற்றொடருக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று வரிசையாக இருக்கும். ஆரம்பக் கேள்விக்கான நேர்மையான பதில் வடிவம் இதுதான்: ஒவ்வொரு தேடலுக்கும் ஓர் எண். அதைப் படிக்கும் முறையும் எளிது. நிறையக் காட்டப்பட்டு, இடமும் நன்றாக இருந்து, யாரும் அழுத்தவில்லையென்றால் டைட்டிலைப் பாருங்கள். சில சமயம் கூகுள் மேலேயே பதிலைச் சொல்லிவிடுவதும் காரணமாக இருக்கும். நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு சொற்றொடர் பட்டியலில் இருந்தால், அது யாரோ ஒருவர் கேட்டு, உங்கள் பக்கத்தில் அரைகுறைப் பதில் கிடைத்த கேள்வி. நம் கடைக்கு அது ‘கிரைண்டர் கல் கொத்த எவ்வளவு’ என்பதாக இருக்கலாம். அதற்கு ஒரு பக்கம் எழுதலாம்.

மாற்றம் செய்த மறுநாளே பலனைத் தேடாதீர்கள். கிராலர் திரும்பி வந்து படிக்க வேண்டும், அடைவு புதுப்பிக்கப்பட வேண்டும். சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். ஒரே நாளில் டைட்டில், தலைப்பு, உள்ளடக்கம் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதற்கு நடுவில் முதலிடம் உத்தரவாதம் என்று யாராவது ஃபோன் செய்தால், அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளின் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருப்பதைச் சொல்லி வைத்துவிடலாம்.